இலுப்பூர்: பெயரும் ஒலியும் வழக்கும்

மக்கட்குப் பெயரிடுவோர் பெற்றோர். ஊர்க்குப் பெயரிட்டோர் யாவர் எனக் கேட்பின் விடை கூறுதல் எளிதன்று. ஒரு மரத்தடியில் தங்கியவனும், ஒரு குளத்தை வெட்டியவனும், ஒரு வழியே நடந்து சென்றவனும், பின்வருவோர்க்கு அடையாளம் கூறும்பொருட்டு வழங்கிய சொல்லே நாளடைவில் ஊர்ப்பெயராய் நிலைத்தது. அவை கூடி அதனை முடிவு செய்தார் இலர். ஓலையில் எழுதி முத்திரை இட்டாரும் இலர். எனினும், கோட்டைகள் இடிந்து, அரசுகள் மாறிய பின்னும் அப்பெயர்கள் மக்கள் நாவில் வாழ்கின்றன. அத்தகைய பெயர்களுள் ஒன்றனை எடுத்து, அதன் பொருளையும், ஒலிக்குமாற்றையும், வழங்குமாற்றையும் ஒருசிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொண்ட பெயர் இலுப்பூர் என்பது.

புதுக்கோட்டையினின்றும் அன்னவாசல் வழியாக விராலிமலைக்குச் செல்லும் சாலையில் உள்ளது இவ்வூர். பேரூராட்சியும் வட்டத் தலைமையிடமுமாக விளங்குவது. சென்னை, தஞ்சை, மதுரை முதலிய பெருநகரங்களின் பெயர்களைப்பற்றி அறிஞர் பலர் எழுதியிருக்க, இதனை நாம் தேர்ந்தமை ஏன் எனின், கூறுதும். இப்பெயரைத் தமிழில் எழுதுங்கால் ஓர் ஐயமும் எழுவதில்லை. ஆங்கில எழுத்தில் எழுதுங்காலோ இடையே ஓரெழுத்து மிகையாகப் புகுந்துகொள்கின்றது. அம்மிகை எழுத்து ஒலியை மாற்றுகின்றது. ஒலி மாறவே பொருள் மறைகின்றது. ஓரெழுத்தின் மிகை ஒரு பெயரை என்செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

மரமும் ஊரும்

இலுப்பூர் என்பது இலுப்பை, ஊர் என்னும் இரு சொற்களாலாய தொடர். இலுப்பை மரத்தை அடையாளமாகக் கொண்ட ஊர் என்பது பொருள். தமிழ்நாட்டில் மரத்தாற் பெயர்பெற்ற ஊர்கள் மிகப் பல. மருதூர், புளியூர், பனையூர், நாவலூர் என்பன அவற்றுட் சில. புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஆலமரத்தை நினைப்பூட்டும் ஆலங்குடி உளது. இங்ஙனம் இயற்கைப் பொருள்களால் ஊர்கள் பெயர்பெற்ற வகையினை ரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் 1946இல் வெளிவந்த ‘ஊரும் பேரும்’ என்னும் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார்கள்.

இலுப்பையும் தன் பங்கிற்குப் பல ஊர்களைத் தந்துள்ளது. சிவகங்கை மாவட்டத்து இலுப்பைக்குடி, நகரத்தார்க்குரிய ஒன்பது கோயில்களுள் ஒன்று அமைந்த ஊராகும். காவிரிநாட்டில் தேவாரப் பாடல்பெற்ற திருப்பழமண்ணிப்படிக்கரை என்னும் தலம் இன்று இலுப்பைப்பட்டு என வழங்குகின்றது. அத்தலத்தின் மரமும் இலுப்பையே. கடல் கடந்து ஈழநாட்டை நோக்கின், மன்னார் மாவட்டத்தில் இலுப்பைக்கடவை உளது.

ஒரு மரம் இத்துணை ஊர்கட்குப் பெயராதற்குக் காரணம் யாது? அம்மரத்தின் பயனே காரணம் என்க. இலுப்பை வறண்ட நிலத்திலும் தளராது ஓங்கி வளர்வது. வேனில் தொடங்குமுன் இலையை உதிர்த்துவிட்டு, கொத்துக்கொத்தாகப் பூக்கும். அதன் பூ தடித்துச் சாறு நிறைந்து இனிப்பது. இரவில் மலர்ந்து விடியலில் உதிர்ந்து, மரத்தடியைப் பாய்விரித்தாற்போல் மறைக்கும். அதனைப் பொறுக்கி உலர்த்தி வைத்து உண்பர். வித்தினின்றும் எண்ணெய் ஆட்டுவர். அவ்வெண்ணெய் கோயில் விளக்குகளிலும் இல்லங்களிலும் எரிந்தது. எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய பிண்ணாக்கும் வீணாவதில்லை. தலைமுழுகுதற்கு அதனை அரைத்துப் பயன்படுத்தினர். மண்ணெண்ணெயும் பின்னர் மின்விளக்கும் வருமுன், இலுப்பைத் தோப்புடைய ஊர் ஒளியுடைய ஊராகும். ‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்னும் பழமொழியை நாம் பெரும்பாலும் இகழ்ச்சிக் குறிப்பாகவே வழங்குகின்றோம். கரும்பாலை இல்லாத வறண்ட நாட்டில் மக்கட்கு இனிமை தந்தது இம்மரமே என்னும் நன்றியும் அதனுள் அடங்கியிருத்தல் கருதத்தக்கது.

மேனாட்டு மரநூலார்க்கு இம்மரத்தை அறிமுகப்படுத்தியதும் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றே. தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக 1768இல் வந்த கோனிக் என்பவர், சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசிடம் பயின்றவர். அவர் கண்டு எழுதியதைக் கொண்டு 1771இல் இலுப்பைக்கு, இத்தாலிய மரநூலார் ஒருவரின் நினைவாகப் ‘பாசியா’ என்னும் பெயர் இடப்பட்டது. அப்பெயர் பின்னர் வழக்கொழிந்தது. ‘மதூகம்’ என்னும் வடசொல்லினின்றும் அமைந்த ‘மதுகா’ என்பதே இன்று மரநூலில் நிலைத்துளது. அயலார் இட்ட பெயர் அகன்று, மரம் வளர்ந்த நாட்டின் பெயர் மீண்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

இருப்பையும் இலுப்பையும்

சங்க நூல்களில் இம்மரத்தின் பெயர் இருப்பை எனக் காணப்படுகின்றது. பாலைநிலத்து வழியில் இருப்பைப்பூ உதிர்ந்து கிடத்தலும், கரடிகள் அதனை விரும்பி உண்ணுதலும் அகப்பாடல்களிற் பேசப்படுகின்றன. ரகரம் லகரமாகத் திரிதல் தமிழில் புதிதன்று. பந்தர் பந்தல் என்றும், சாம்பர் சாம்பல் என்றும், குடர் குடல் என்றும் ஈற்றில் திரிந்து வழங்குதலை நாம் அறிவோம். அங்ஙனமே இடையிலும் திரிந்து, இருப்பை இலுப்பையாயிற்று.

சங்க நூல்களில் இருப்பை என்பது ஓர் ஊரின் பெயராகவும் வருகின்றது. விராஅன் என்னும் வள்ளலுக்கு உரியதாக அவ்வூர் கூறப்படுகின்றது. இலுப்பூர்க்கு அணித்தாக விராலிமலை இருத்தலைக் காண்போர்க்கு, அவ்விருப்பையே இவ்விலுப்பூர் என உடனே துணிந்துவிடும் விருப்பம் எழும். நமக்கும் அவ்விருப்பம் உண்டு. ஆயினும், இம்மரத்தாற் பெயர்பெற்ற ஊர்கள் பல என்பதை மேலே கண்டோம். பெயரொற்றுமை ஒன்றனையே பற்றி இடத்தைத் துணிதல் ஆராய்ச்சி நெறியாகாது. அது தேடலைத் தொடங்குதற்குரிய இடமேயன்றி முடித்தற்குரிய இடம் அன்று.

இனி, இலுப்பை, ஊர் என்பன புணருங்கால் இலக்கண நெறிப்படி இடையே யகர உடம்படுமெய் தோன்றி இலுப்பையூர் என்றாதல் வேண்டும். பனையூர் அங்ஙனமே நின்றது. இலுப்பூரில் ஐகாரம் எங்ஙனம் மறைந்தது? சொல்லின் இடையிலும் கடையிலும் வரும் ஐகாரம் தனக்குரிய இரண்டு மாத்திரையினின்றும் குறைந்து ஒரு மாத்திரையாய் ஒலிக்கும் என்பது நாம் ஐகாரக்குறுக்கம் என்னும் தலைப்பிற் கற்றது. குறுகிய அவ்வொலி, அடுத்து ஊர் என்னும் நெடில் வந்து எழும்புங்கால், நாவில் நில்லாது நழுவிவிடுகின்றது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. இலுப்பை எண்ணெயை மக்கள் இலுப்பெண்ணெய் என்றே கூறுகின்றனர். எண்ணெயின் எகரத்திற்கு இடம் தந்த ஐகாரம், ஊரின் ஊகாரத்திற்கும் இடம் தந்தது. ஆதலின் இலுப்பூர் என்பது சிதைவெனினும், நெறியுடைய சிதைவு. மரத்தின் பெயர் அதனுள் இன்னும் தெளிவாகக் கேட்கின்றது. கருவூர் கரூர் ஆனமையும் இத்தகைய சுருக்கமே.

இதே சாலையில் உள்ள அன்னவாசல் வேறொரு வகைக்குச் சான்றாகும். சித்தன்னவாசற் குகைக்கோயிலின் கல்வெட்டில் ‘அண்ணல்வாயில்’ என்னும் பெயர் காணப்படுகின்றது. அண்ணல் அன்னமாகவும், வாயில் வாசலாகவும் மாறியபின், கேட்போர்க்கு அன்னப்புள்ளின் நினைவே எழுகின்றது, அண்ணல் மறைந்தார். ஒலி மாறினால் பொருள் மட்டுமன்று, வரலாறும் மாறித் தோன்றும் என்பதற்கு இஃது அண்டை வீட்டுச் சான்று.

ஒலிக்குமாறு

இலுப்பூர் என்னும் சொல்லில் எழுத்து ஐந்து: இ, லு, ப், பூ, ர். மாத்திரை ஐந்து. அலகிட்டால் ‘இலுப்’ நிரை, ‘பூர்’ நேர்; புளிமா என்னும் வாய்பாடு. முதல் இரண்டு எழுத்துக்களும் குறிலாதலின் நாவு தங்காது விரைந்து ஓடி, பகர ஒற்றில் ஒருகணம் நின்று, பூவென நீளும். ஊரார் பேச்சில் ஈற்றில் ஓர் உகரம் சேர்ந்து இலுப்பூரு எனவும் கேட்கும்.

இப்பெயரில் மெய் இரட்டிக்கும் இடம் ஒன்றே, அது பகரம். அவ்விரட்டிப்பு இன்றியமையாதது. தமிழில் உயிர்களினிடையே தனித்து நிற்கும் பகரம் வல்லொலி குன்றி ஒலிப்பது. இரட்டித்த பகரமே முழு வன்மையோடு ஒலிப்பது. லகரமோ தனித்தே நிற்பது. அதனை இரட்டித்தால் என்னாகும்? இல்லுப்பூர் என்றாகும். இல், லுப், பூர் என மூன்றும் நேராய், சொல் தேமாங்காயாகிவிடும். ஈரசைச் சொல் மூவசையாகும். ஐந்து மாத்திரை ஐந்தரையாகும். இலுப்பை மறைந்து, இல்லம் என்னும் பொருள்படும் ‘இல்’ முன்னே வந்து நிற்கும்.

அரைமாத்திரைக்கு இத்துணை ஆரவாரம் ஏன் என நகைப்பாரும் இருக்கலாம். அவர்கள் ஒரு பந்தியில் அமர்ந்து, உணவு இடுமுன் ‘இலை’ கேட்டுப் பார்க்கட்டும். கேட்கப்பட்டவர் அரைமாத்திரையைக் கூட்டி விடையிறுத்தால், வருவது ‘இல்லை’ என்பதே. இலை வேறு, இல்லை வேறு; வலி வேறு, வல்லி வேறு; எலி வேறு, எல்லி வேறு. தமிழ்மொழியில் ஒற்று இரட்டித்தல் அணியன்று, பொருளின் உயிர்நிலை.

மிகையான லகரம்

இனி, இவ்வூர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுமாறு நோக்குவோம். லகரத்திற்கு எல் என்னும் எழுத்தை ஒன்றாக இடுவாரும் உளர். எனினும் பெரும்பாலும் காணப்படுவது ஐ, எல், எல், யூ, பி, பி, யூ, ஆர் என எட்டெழுத்தாலாய கூட்டே. இதில் இரண்டு எழுத்துக்கள் இரட்டித்துள்ளன. பி இரட்டித்தது தமிழொலிக்கு இயைந்தது. எல் இரட்டித்ததோ தமிழில் இல்லாதது. ஒரே சொல்லில் ஓரிரட்டை மெய், மற்றோரிரட்டை பொய். அவற்றைப் பிரித்தறிதற்கு ஓர் அடையாளமும் அவ்வெழுத்துக்களில் இல்லை. யூ என்னும் எழுத்தும் இருமுறை வந்துள்ளது. முன்னது உகரக் குறில், பின்னது ஊகார நெடில். இவ்வேறுபாட்டையும் அவ்வெழுத்து உணர்த்தவில்லை.

எல் என்னும் எழுத்து ஏன் இரட்டித்தது? எழுதியவர் அறியாமையால் எழுதினார் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் அஃது உண்மையாகாது. ஆங்கில எழுத்துநெறியில் மெய்யை இரட்டித்தல் மெய்யின் நீட்சியைக் காட்டுதற்கு அன்று. அதற்கு முன் நிற்கும் உயிர் குறில் என்பதைக் காட்டுதற்கே. ஹோப் என்னும் சொல் நம்பிக்கை கொள்ளுதலைக் குறிப்பது. ஹாப் என்பது ஒற்றைக்காலால் தத்துதலைக் குறிப்பது. இவற்றை நிகழ்கால எச்சமாக ஆக்குங்கால் முன்னதற்கு ஒரு பி, பின்னதற்கு இரண்டு பி இடுவர். ஒலிக்குங்கால் பகரத்தில் வேறுபாடு இல்லை, உயிரிலேயே வேறுபாடு. இப்பழக்கமுடைய செவியும் கையும், இலுப்பூரின் இகரக் குறிலைக் காத்தற்கு அடுத்த எல்லை இரட்டித்து எழுதின எனக் கொள்ளுதல் பொருந்தும். அவர் நெறியில் அது காவல். நம் நெறியில் அது மிகை. எழுதினோர் நெறி ஒன்று, படிப்போர் நெறி மற்றொன்று ஆயினமையே இடர்க்குக் காரணம்.

இலுப்பூர் மட்டும் இதற்கு ஆட்பட்டதன்று. கடலூரில் டகரம் ஒன்றே. ஆங்கில எழுத்தில் டி இரண்டு. வேலூரில் லகரம் ஒன்றே. ஆங்கில எழுத்தில் எல் இரண்டு. அதனோடு ஏகார நெடிலும் எகரக் குறிலாய்க் குறுகிப்போயிற்று. நெல்லூர்க்கும் வேலூர்க்கும் ஆங்கில எழுத்தில் முதலெழுத்து ஒன்றே வேறுபாடு. தமிழிலோ ஒன்றன் லகரம் இரட்டித்தது, மற்றொன்றன் லகரம் தனித்தது. மேலே கூறிய மன்னார் மாவட்டத்து இலுப்பைக்கடவையையும் எல் இரண்டிட்டு எழுதக் காண்கின்றோம். மரம் ஒன்று, கடலின் இருகரையிலும் அதற்கு நேர்ந்த பிழையும் ஒன்று.

இலுப்பூர், தஞ்சாவூர் இரண்டிலும் ஈறு ஊர் என்பதே. ஆயின் ஆங்கிலத்தில் தஞ்சாவூர், வேலூர், கடலூர் முதலியவற்றின் ஈற்றை ஓ, ஆர், ஈ என்னும் மூன்றெழுத்தால் எழுதினர். இலுப்பூர் ஈற்றை யூ, ஆர் என்னும் இரண்டெழுத்தால் எழுதினர். வணிகரும் படைவீரரும் செவிவழிக் கேட்டவாறு எழுதிய பெயர்கள் முன்னவை. வில்லியம் ஹண்டர் என்பார் இந்திய ஊர்ப்பெயர்களை ஒரே நெறியில் எழுதுதற்கு 1871இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார். அந்நெறியில் நெடிலுக்குக் குறியீடு உண்டு. ஆயின் முன்னரே பலர்க்கும் பழகிப்போன எழுத்துக்கூட்டுக்கள் பழையபடியே விடப்பட்டன. நெடிற்குறியும் அன்றாட வழக்கில் நிலைக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியில், தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் காட்டுங்கால் புள்ளியும் கோடும் இட்டுக் குறிலையும் நெடிலையும், தனிமெய்யையும் இரட்டைமெய்யையும் வழுவின்றிப் பிரித்துக்காட்டினர். வழியறியாமையால் நேர்ந்த குறையன்று இது. வழி இருந்தும் சாலைப் பலகைக்கு அது வந்து சேராமையால் நேர்ந்த குறை.

ஆங்கில நாட்டுப் பெயர்கள்

இனி ஒரு வினா எழும். ஆங்கிலேயர் தம் நாட்டு ஊர்ப்பெயர்களை எழுத்துப்படியே ஒலிக்கின்றனரோ எனின், இல்லை. வூஸ்டர் என்னும் நகரின் பெயரை எழுத்துப்படி படிப்பின் வோர்செஸ்டர் என்றாகும். லெஸ்டர் என்பது லீசெஸ்டர் போலவும், கிரெனிச் என்பது கிரீன்விச் போலவும் எழுதப்படுகின்றன. வூஸ்டர், லெஸ்டர் முதலியவற்றின் இறுதிப்பகுதி, பாசறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றும் வந்தது. உரோமர் படை தங்கிய இடங்கள் அவை என்னும் செய்தியை எழுத்து இன்றும் காத்துவைத்திருக்கின்றது. நாவோ நூற்றாண்டுகளாகத் தேய்த்து இரண்டசையாக்கிவிட்டது. அந்நாட்டில் புதிதாக ஓரூர்க்குச் செல்பவர் பலகையைப் பார்த்து ஒலியைத் துணிவதில்லை. ஊரார் வாயினின்றும் கேட்டே அறிந்துகொள்கின்றனர். எழுத்து வரலாற்றுக்கு, ஒலி ஊரார்க்கு. இஃது அவர்கள் கொண்ட உடன்பாடு.

மரப்பெயர் ஊர்களும் அங்கு உண்டு. ஆக்டன் என்னும் பெயரில் ஓக் மரம் ஒளிந்திருக்கின்றது. அம்மரத்தின் பழைய ஆங்கிலப் பெயர் ‘ஆக்’ என்பது. ஓக்கம் என்னும் ஊரின் பெயரிலோ, ஓக் மரம் வெளிப்படையாகத் தோன்றினும், உண்மையில் அதில் மரம் இல்லை. ஓக்கா என்னும் ஒருவனது பெயரே உளது. மரம் இருக்கும் பெயரில் அது தோன்றவில்லை. தோன்றும் பெயரில் அது இல்லை. விராஅன் இருப்பையைப்பற்றி நாம் மேலே காட்டிய தயக்கம் எத்துணைப் பொருத்தமானது என்பது இதனால் விளங்கும்.

கெண்ட் மாவட்டத்தில் செவனோக்ஸ் என்னும் ஊர் உளது. ஏழு ஓக் மரங்கள் என்பது பொருள். ஏழாம் எட்வர்டு அரசரின் முடிசூட்டு நினைவாக 1902இல் அவ்வூர்த் திடலில் ஏழு ஓக் மரங்கள் நடப்பட்டன. 1987ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துப் பெரும்புயலில் அவற்றுள் ஆறு வீழ்ந்தன. ஊரார் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மரங்களையே மீண்டும் நட்டனர். பெயரைக் காத்தல் என்பது எழுத்தைக் காத்தல் மட்டுமன்று என்பதை அவர்கள் செயலாற் காட்டினர்.

இதனால் நாம் பெறும் கருத்து ஒன்று உண்டு. இக்கட்டுரையின் சாரமும் அதுவே. தம் ஊர்களின் ஒலிக்குத் தம் எழுத்தையே நம்பாத மக்கள் ஆங்கிலேயர். அவர்கள் எழுத்தை நம் ஊர்களின் ஒலிக்கு நாம் ஏன் நம்புதல் வேண்டும்?

எழுத்தைத் திருத்த முயன்றமை

ஆங்கில எழுத்தையே திருத்திவிட்டால் இடர் தீராதோ எனின், அம்முயற்சியும் நடந்தது. தமிழொலிக்கு இயைய 1018 ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் மாற்றி எழுதுமாறு தமிழ்நாட்டு அரசு பிறப்பித்த ஆணை 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. நோக்கம் நன்று, ஆயினும் விளைவு வேறாயிற்று. வேலூரின் ஏகார நெடிலைக் காட்ட ஈ என்னும் ஆங்கில எழுத்தை இரட்டித்தனர். படித்தோர் அதனை வீலூர் என்று படித்து நகைத்தனர். கோயம்புத்தூர்க்கு இட்ட எழுத்துக்கூட்டின் நீளத்தைக் கண்டு கோவையார் வருந்தினர். எதிர்ப்பு மிகவே, சில நாட்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

ஈண்டு நிகழ்ந்தது முன்னைப் பிழையின் மறுதலையே. அன்று எழுதியோர் ஆங்கில நெறியில் எழுதினர்; தமிழர் தமிழ் நெறியிற் படித்தனர். 2020இல் எழுதியோர் தமிழ் நெறியில் எழுதினர். படித்தோர் ஆங்கில நெறியிற் படித்தனர். நெறி ஒன்றாகாதவரை எழுத்தை எத்துணைமுறை மாற்றினும் ஒலி கைகூடாது. இருபத்தாறு எழுத்துக்களுள் ழகரத்திற்கும், ளகரத்திற்கும், குறில் நெடில் வேறுபாட்டிற்கும் இடம் தேடுதல் சிறு சட்டியில் பெருங்குழம்பு வைத்தலை ஒக்கும், எப்பக்கமேனும் வழியும்.

வழக்கு

இலுப்பூர் என்னும் பெயர் எழுத்து வழக்கில் எங்ஙனம் வரும் என்பதையும் சுருங்கக் கூறுவாம். இலுப்பூரில், இலுப்பூரினின்றும், இலுப்பூருக்கு என உருபேற்கும். வல்லினம் வருமிடத்து ஒற்று மிக்கு இலுப்பூர்ச் சந்தை, இலுப்பூர்ச் சாலை, இலுப்பூர்க் கோட்டம் எனப் புணரும். நிலைமொழி இலுப்பையாய் நின்ற பழைய வடிவமாகிய இலுப்பையூர் என்பதைச் செய்யுளிலும் ஆராய்ச்சியிலும் எடுத்தாளலாம். ஆயின் நடைமுறையில் ஊரார் தாமே வழங்கும் இலுப்பூர் என்பதை விடுத்து, அதனைத் திருத்துவோம் எனப் புகுதல் முறையன்று. இலக்கணம் வழக்கிற்குப் பின்வந்தது.

எழுத்துக்கூட்டு இருவேறாய் இருத்தலால் விளையும் இடர் ஆராய்ச்சியளவில் நிற்பதுமன்று. பிறந்த ஊரைப் பள்ளிச் சான்றிதழில் எல் ஒன்றிட்டும், வேறொரு பத்திரத்தில் எல் இரண்டிட்டும் பெற்ற மாணவன், இரண்டும் ஓரூரே என மெய்ப்பித்தற்கு அலுவலகப் படிகளில் ஏறி இறங்க நேர்கின்றது. தமிழில் எழுதப்பட்டிருப்பின் அவ்வையத்திற்கே இடமில்லை.

இன்று வேறொரு காரணமும் சேர்ந்துளது. முன்னாளில் வழிப்போக்கன் வழியறியாக்கால் மரத்தடியில் இருப்பாரைக் கேட்டான். அவர் வாயினின்றும் ஊரின் பெயரையும் சரியான ஒலியில் பெற்றான். இன்றோ கைப்பேசியே வழிகாட்டுகின்றது. அது ஆங்கில எழுத்தைப் பார்த்து, ஆங்கில நெறியில் ஊர்ப்பெயரை ஒலித்துக்காட்டுகின்றது. கருவி கூறுவதை நாள்தோறும் கேட்கும் செவிக்கு, நாளடைவில் அதுவே சரியெனத் தோன்றும். ஆங்கிலவழியிற் கற்கும் இளஞ்சிறார், பலகையின் மேல்வரியில் ஐந்தெழுத்தில் தெளிவாய் நிற்கும் தமிழை விடுத்து, கீழ்வரியின் எட்டெழுத்தைக் கூட்டிப் படித்து ‘இல்லுப்பூர்’ என்கின்றனர். செவிவழி வந்த பெயர் கண்வழிக் கெடுகின்றது. ஒரு தலைமுறை அங்ஙனம் வழங்கிவிடின், அடுத்த தலைமுறையில் ஒருவர் ‘இல்’ என்பதற்கு ஒரு கதையும், ‘உப்பு’ என்பதற்கு ஒரு கதையும் கட்டி, இல்லந்தோறும் உப்பு விளைந்த ஊர் என்று எழுதினும் வியப்பதற்கில்லை. அண்ணல் அன்னமானமை நம் கண்முன்னே உள்ளதன்றோ!

ஆதலின் நாம் செய்யத்தக்கது யாது? ஆங்கில எழுத்தின்மேற் சினங்கொள்ள வேண்டுவதில்லை. அஞ்சலுக்கும், நில ஆவணத்திற்கும், அயல்நாட்டார்க்கும் அது பயன்படுக. ஆயின் அஃது ஒரு குறியீடு என்றும், ஒலிக்குச் சான்று அன்று என்றும் அறிந்து வழங்குவோமாக. பலகையில் மேல்வரியைப் படிப்போமாக. தம்பி தங்கையர்க்கும் அதனையே படித்துக்காட்டுவோமாக. இக்கல்லூரியினின்றும் நாளை வெளிச்செல்லும் நம்மிற் சிலர் ஆசிரியராவோம். சிலர் வருவாய்த்துறையிலும் அஞ்சல் துறையிலும் அமர்வோம். சிலர் செய்தித்தாளிலும் வானொலியிலும் பணிபுரிவோம். கைப்பேசிக்குச் சொல் கற்பிக்கும் தொழிலிற் புகுவாரும் இருப்பர். ஊர்ப்பெயர்கள் நம் கையாலும் நாவாலும் நாள்தோறும் செல்லும். ஒரு பெயரை எழுதுமுன், அவ்வூரில் பிறந்தார் ஒருவரை அழைத்து, ‘நீங்கள் எங்ஙனம் சொல்வீர்கள்?’ எனக் கேட்பதற்கு ஆகும் பொழுது மிகச் சிறிது. இலுப்பூரார் விடை கூறுங்கால் லகரம் ஒன்றே கேட்கும். அதனையடுத்து இலுப்பையும் கேட்கும்.